பத்தாண்டு உழைக்கும் சிறு மின்கலம்: பேஸ்மேக்கர் மின்சாரத்தைச் சேமிக்கும் விதம்

பேஸ்மேக்கர் என்னும் இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர்களின் இல்லங்களில் ஒரு கவலை ஓசையின்றிக் குடியேறிவிடுவதை எங்கள் பரிசோதனைப் பிரிவில் தொடர்ந்து கண்டுவருகிறோம். நெஞ்சுக்குள் இருக்கும் பேட்டரி என்றாவது ஒரு நாள் தீர்ந்துபோகுமே என்பதுதான் அக்கவலை. மாடிப்படி ஏறவேண்டாம் என்று தந்தையைத் தடுக்கும் பிள்ளைகளும், நடந்தால் பேட்டரி குறைந்துவிடும் என்று மாலை நடையை நிறுத்திக்கொண்ட தாய்மார்களும் எங்களிடம் வருகிறார்கள். அதே இல்லங்களில், "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று பரிசோதனை நாளைத் தள்ளிப்போடுவதும் நிகழ்கிறது. சிக்கனம் தேவையில்லாத இடத்தில் சிக்கனமும், கவனம் தேவைப்படும் இடத்தில் கவனமின்மையுமாக இது முடிகிறது. அக்கருவி எவ்வாறு வடிவமைக்கப்பட்டுள்ளது என்பதை ஓரளவு அறிந்துகொண்டால் இவ்விரண்டு தவறுகளும் நேரா. ஆகவே இவ்விதழில் அதனை எளிய கணக்குகளோடு விளக்க முற்படுகிறோம்.

கையிருப்பு எவ்வளவு?

இதயமுடுக்கி என்பது டைட்டேனியம் உறைக்குள் மூடப்பட்ட ஒரு சிறு கணினி. அதனுள் மூன்று முக்கியப் பகுதிகள் உள்ளன: ஒரு மின்கலம், இதயத்தின் மின்னசைவைக் கேட்டுத் தேவையானபோது மின்துடிப்பை அனுப்பும் சுற்று, இவையனைத்தையும் ஆளும் மைக்ரோகண்ட்ரோலர் என்னும் நுண்கட்டுப்பாட்டுச் சில்லு. உறையிலிருந்து புறப்படும் லீட் எனப்படும் மெல்லிய மின்கம்பி, இரத்தக்குழாய் வழியே இதயத்தின் உட்சுவரை அடைகிறது.

இம்மின்கலத்தின் கொள்ளளவு பொதுவாக 1 ஆம்பியர்-மணியை ஒட்டியது. இன்றைய கைப்பேசிகள் பலவற்றின் கொள்ளளவு 5 ஆம்பியர்-மணி. அதை நாம் நாள்தோறும் மின்னேற்றம் செய்கிறோம். அதில் ஐந்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு இதயமுடுக்கி ஏறத்தாழ பத்தாண்டுகள் உழைக்க வேண்டும். இடையில் மின்னேற்றம் கிடையாது.

பத்தாண்டு என்பது 87,600 மணி நேரம். 1 ஆம்பியர்-மணியை அத்தனை மணி நேரத்துக்குப் பங்கிட்டால், கருவி முழுவதும் சேர்ந்து சராசரியாக 11 மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் மட்டுமே செலவிடலாம். ஒரு மைக்ரோ ஆம்பியர் என்பது ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்தச் சிறு வரம்புக்குள் இதயத்தைக் கேட்பது, முடிவெடுப்பது, துடிப்பை அனுப்புவது, நடந்ததைப் பதிவு செய்வது, மருத்துவமனைக் கருவியுடன் உரையாடுவது ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும்.

சில மணி நேரத்திலிருந்து பத்தாண்டு வரை

இந்நிலையை அடையப் பொறியாளர்களும் மருத்துவர்களும் நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருந்தது. உடலுக்குள் வைக்கப்பட்ட முதல் இதயமுடுக்கி 1958 அக்டோபர் 8 அன்று சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தப்பட்டது. அறுவை மருத்துவர் ஓகே சென்னிங். கருவியை அமைத்த பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட். அடிக்கடி மயங்கி விழுந்துகொண்டிருந்த லார்சனுக்காக இவ்விருவரையும் விடாமல் வற்புறுத்தியவர் அவருடைய மனைவி எல்ஸ்-மேரி. ஒரு பராமரிப்பாளரின் விடாமுயற்சியே இவ்வரலாற்றின் தொடக்கத்தில் இருக்கிறது.

அந்த முதல் கருவி சில மணி நேரமே இயங்கியது. அதன் மின்கலத்தை உடலுக்கு வெளியிலிருந்து அவ்வப்போது மின்னேற்ற வேண்டியிருந்தது. லார்சன் தம் வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001-இல் தமது 86-ஆம் வயதில் மறைந்தார். 1960-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் வில்சன் கிரேட்பேட்ச் என்னும் பொறியாளர் அமைத்த கருவி பாதரச மின்கலங்களால் இயங்கியது. அவற்றின் ஆயுள் குறைவாக இருந்ததால் நோயாளிகள் மீண்டும் மீண்டும் அறுவைக்கு உள்ளாயினர். 1972-இல் லித்தியம்-அயோடின் மின்கலம் கொண்ட இதயமுடுக்கி முதன்முதலில் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. இம்மின்கலத்தின் சிறப்பு அதன் நீண்ட ஆயுளோடு முடிந்துவிடவில்லை. அது திடீரென்று நின்றுபோவதில்லை. உள்தடை படிப்படியாக உயர, மின்னழுத்தம் படிப்படியாகத் தாழ்கிறது. தீரப்போவதை முன்கூட்டியே காட்டும் இப்பண்பு பற்றிப் பின்னர் கூறுவோம்.

மின்னேற்றம் செய்யக்கூடிய இதயமுடுக்கிகளும் 1970-களில் இருந்தன. ஆனால் வாரந்தோறும் மின்னேற்ற வேண்டிய கடமையை நோயாளியின் நினைவாற்றலிடம் ஒப்படைப்பதில் இடர் உண்டு. நீடித்து உழைக்கும் மின்கலம் வந்ததும் அம்முறை வழக்கொழிந்தது.

உறக்கத்திலும் விழித்திருக்கும் காது

மின்கலம் மேம்பட்டது ஒரு பாதி என்றால், செலவைக் குறைத்தது மறுபாதி. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் எந்த நுண்கருவிக்கும் முதல் விதி ஒன்றே: வேலையில்லாத நேரத்தில் உறங்க வேண்டும்.

மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் துணையாளரை எண்ணிப் பாருங்கள். அவர் இரவெல்லாம் கண்விழித்து நிற்பதில்லை, உறங்குகிறார். எனினும் கட்டிலில் சிறு அசைவோ முனகலோ கேட்டால் உடனே எழுந்துவிடுகிறார். உடல் ஓய்ந்திருக்க, காது மட்டும் விழித்திருக்கிறது.

இதயமுடுக்கியும் அவ்வாறே அமைக்கப்பட்டுள்ளது. இதயத்தின் சில மில்லிவோல்ட் அளவேயுள்ள மின்னசைவைக் கேட்கும் பகுதி எந்நேரமும் விழித்திருக்கிறது. அது மிகமிகக் குறைந்த மின்னோட்டத்தில் இயங்குமாறு வடிவமைக்கப்பட்ட ஒரு பகுதி. காலத்தை எண்ணும் கடிகாரமும் அவ்வாறே விழித்திருக்கிறது. கணக்கிட்டு முடிவெடுக்கும் மைக்ரோகண்ட்ரோலரோ பெரும்பாலான நேரம் உறக்கத்தில் இருக்கிறது. இதயம் தானாகத் துடித்தாலோ, குறித்த காலத்துக்குள் துடிக்கத் தவறினாலோ அது எழுப்பப்படுகிறது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு மீண்டும் உறங்கச் செல்கிறது. இதயம் தானாகவே துடித்துவிட்டால் கருவி மின்துடிப்பை அனுப்புவதில்லை. அதனால் மின்சாரமும் மிச்சமாகிறது.

இரண்டாம் விதி, விரையாமல் வேலை செய்வது. கைப்பேசியின் செயலி ஒரு வினாடிக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட முறை துடிக்கும் கடிகாரத்தால் இயங்குகிறது. இதயமுடுக்கியில் கைக்கடிகாரத்தில் உள்ளது போன்ற குவார்ட்ஸ் படிகம் பயன்படுகிறது. கைக்கடிகாரப் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்வது. மின்னணுச் சுற்றின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு செலவு உண்டு. ஆகவே அசைவுகள் குறையக் குறையச் செலவும் குறையும். வினாடிக்கு ஒரு முறை துடிக்கும் இதயத்தைக் கவனிக்க மின்னல் வேகம் வேண்டியதில்லை.

மூன்றாம் விதி, இயன்ற வரை குறைந்த மின்னழுத்தத்தில் இயங்குவது. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் செலவு பாதியாவதோடு நிற்பதில்லை. நான்கில் ஒரு பங்காகிறது. உங்கள் பரிசோதனை நாளோடு நேரடித் தொடர்புடைய விதி இதுவே.

முதல் சில மாதப் பரிசோதனை ஏன் முக்கியம்?

இதயத்துக்கு அனுப்பப்படும் மின்துடிப்பின் அளவை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். மின்னழுத்தம் 2.5 வோல்ட், கால அளவு 0.4 மில்லிவினாடி, மின்கம்பியும் இதயத் தசையும் சேர்ந்து தரும் தடை 500 ஓம் என்று கொள்வோம். நிமிடத்துக்கு 60 துடிப்புகளையும் கருவியே அனுப்புவதாகக் கொண்டால், இதற்கான சராசரிச் செலவு 2 மைக்ரோ ஆம்பியர். கேட்பதற்கும் கணக்கிடுவதற்கும் ஏனைய பணிகளுக்கும் 8 மைக்ரோ ஆம்பியர் ஆவதாக வைத்துக்கொண்டால், மொத்தம் 10. இச்செலவில் 1 ஆம்பியர்-மணி மின்கலம் ஏறத்தாழ 11 ஆண்டு 5 மாதம் நீடிக்கும்.

இப்போது மின்னழுத்தத்தை மட்டும் 5 வோல்ட்டாக உயர்த்துவோம். துடிப்பின் செலவு நான்கு மடங்காகி 8 மைக்ரோ ஆம்பியரை எட்டும். மொத்தம் 16 ஆகும். மின்கலத்தின் ஆயுள் ஏறத்தாழ 7 ஆண்டாகச் சுருங்கிவிடும். ஓர் எண்ணை மாற்றியதில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன. உங்கள் கருவியின் எண்கள் வேறாக இருக்கலாம்; ஆனால் கணக்கின் போக்கு இதுவே.

இவ்வெண்ணைத் தொடக்கத்திலேயே குறைவாக வைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். புதிதாகப் பொருத்தப்பட்ட மின்கம்பியின் நுனி இதயத் தசையைத் தொடும் இடத்தில் முதல் சில வாரங்கள் அழற்சி இருக்கும். அக்காலத்தில் இதயத்தைத் துடிக்கச் செய்யக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படக்கூடும். ஆகவே பாதுகாப்புக் கருதி அளவைச் சற்று உயர்த்தி வைத்து அனுப்புகிறோம். ஏறத்தாழ இரண்டு, மூன்று மாதங்களில் அவ்விடம் ஆறி நிலைபெற்ற பிறகு, இதயம் எவ்வளவு குறைந்த துடிப்புக்கு இணங்குகிறது என்று அளந்து, அதற்கு மேல் போதிய பாதுகாப்பு இடைவெளி விட்டு, அளவைக் குறைக்கிறோம். சில கருவிகள் இதனைத் தாமே அளந்து சரிசெய்துகொள்ளும். ஏனையவற்றில் அது எங்கள் கையால் செய்யப்பட வேண்டியது. அப்பரிசோதனைக்கு வராத நோயாளியின் கருவி, தேவைக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஆண்டுக்கணக்கில் இயங்கிக்கொண்டே இருக்கும். உடலில் எந்த வேறுபாடும் தெரியாது. மின்கலம் மட்டும் விரைவாகக் கரையும்.

நடைக்கு ஆகும் செலவு

அதே கணக்கைக் கொண்டு மாலை நடையையும் அளந்து பார்ப்போம். நாள்தோறும் ஒரு மணி நேரம் நடக்கிறீர்கள். அந்நேரத்தில் கருவி நிமிடத்துக்கு 60-க்குப் பதிலாக 90 துடிப்புகளை அனுப்புகிறது. கூடுதலாகும் 1 மைக்ரோ ஆம்பியர் செலவு ஒரு நாளின் 24 மணி நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மட்டுமே. சராசரியில் அது 0.04 மைக்ரோ ஆம்பியர். பதினோர் ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கும் மின்கலத்தில் இதனால் குறைவது ஏறத்தாழ 17 நாள். நடக்கும்போது இதயம் தானாகவே விரைந்து துடிக்குமாயின் அந்த 17 நாளும் குறையாது.

ஒரு பரிசோதனையைத் தவறவிடுவதால் இழக்கக்கூடியவை ஆண்டுகள். பதினோர் ஆண்டு முழுவதும் நடப்பதால் ஆகும் செலவு இரண்டரை வாரம். ஆகவே மருத்துவர் வேறு காரணத்துக்காகத் தடை கூறாதவரை, பேட்டரியை எண்ணி நடையையோ படியேறுவதையோ கோயிலுக்குச் செல்வதையோ நிறுத்தாதீர்கள் என்று வேண்டுகிறோம். நடக்காமல் இருப்பதால் தளரும் தசைகளையும் ஏறும் சர்க்கரையையும் எந்த மின்கலமும் ஈடுசெய்யாது.

தொலைத்தொடர்புக்கு ஆகும் செலவு

நுண்கருவிகளில் மின்சாரத்தை மிகுதியாக விழுங்குவது வானொலி அலை வழியான உரையாடல். அதனால்தான் இதயமுடுக்கி இடைவிடாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பதில்லை. பரிசோதனைக்கு வரும்போது கருவியின் மேல் ஒரு சிறு கைக்கருவியை வைத்தோ, அருகிலிருந்து கம்பியில்லாமலோ அதனுடன் தொடர்புகொள்கிறோம். வீட்டில் தொலைக் கண்காணிப்புப் பெட்டி வைத்துள்ளவர்களுக்குக் குறித்த இடைவெளியில், பெரும்பாலும் இரவில், தகவல் தானாகவே அனுப்பப்படுகிறது. எங்கள் அறிவுறுத்தல் இன்றி அப்பெட்டியின் பொத்தானை மனநிறைவுக்காக நாள்தோறும் அழுத்த வேண்டாம். ஒவ்வொரு கூடுதல் உரையாடலும் மின்கலத்திலிருந்தே செலவாகிறது. உடல்நிலையில் மாற்றம் தெரிந்து நாங்கள் கேட்டுக்கொண்டால் தயங்காமல் அனுப்புங்கள்.

தீரும் காலம் முன்னரே தெரியும்

மின்கலம் படிப்படியாகவே தளரும் என்று முன்னர் கூறினோம். கருவி தன் மின்கலத்தின் நிலையைத் தானே அளந்துகொள்கிறது. குறித்த எல்லையை அது தொட்டதும், மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்ற குறிப்பு பதிவாகும். அதன் பிறகும் கருவி பொதுவாக ஏறத்தாழ மூன்று மாதம் பாதுகாப்பாக இயங்கும் வகையில் இருப்பு வைக்கப்பட்டுள்ளது. அந்த மூன்று மாதம் திட்டமிட்டு மாற்றுவதற்காகவே ஒதுக்கப்பட்ட காலம். ஆனால் அக்குறிப்பைப் படிக்க நீங்கள் எங்களிடம் வந்திருக்க வேண்டும், அல்லது தொலைக் கண்காணிப்பு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். எனவே வழக்கமாக ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை என்றிருக்கும் பரிசோதனையை, மின்கலம் முதுமை எய்தும்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று நெருக்கமாக்குகிறோம்.

சில கருவிகள் அந்த எல்லையை அடைந்ததும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எளிய இயக்கமுறைக்குத் தாமாகவே மாறிக்கொள்ளும். அப்போது இதயத்தின் மேலறையும் கீழறையும் இசைந்து இயங்குவது குறைந்து, காரணமற்ற களைப்போ மூச்சுவாங்கலோ தோன்றக்கூடும். "வயதாகிவிட்டது" என்று எண்ணி அதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம், தெரிவியுங்கள்.

மின்கலம் உறையோடு சேர்த்து மூடப்பட்டிருப்பதால், அதனை மட்டும் மாற்ற இயலாது. கருவி முழுவதும் மாற்றப்படும். மின்கம்பிகள் நல்ல நிலையில் இருந்தால் அவையே தொடரும். எனவே முதல் அறுவையைவிட இது பெரும்பாலும் எளியது. வழக்கமாக அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து நடைபெறும். எனினும் முதல் முறையைவிட மாற்றும்போது நோய்த்தொற்று ஏற்படும் வாய்ப்பு சற்று அதிகம். தேவைக்கு முன்னரே ஒரு மாற்று அறுவை நேராதிருக்க மின்கலத்தைப் பேணுவது இதனாலும் பயன்தருகிறது.

வீட்டார் நினைவில் கொள்ள வேண்டியவை

1. கருவியின் அடையாள அட்டையை நோயாளி எப்போதும் உடன் வைத்திருக்கட்டும். அதன் படி ஒன்று வீட்டில் இருக்கட்டும். எம்.ஆர்.ஐ. பரிசோதனை, அறுவை, பல் சிகிச்சை ஆகியவற்றுக்கு முன் அட்டையைக் காட்டுங்கள்.

2. கருவியில் அமைக்கப்பட்டுள்ள குறைந்தபட்சத் துடிப்பு எண்ணிக்கை எவ்வளவு என்று எங்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, ஓய்வாக இருக்கும்போது, மணிக்கட்டில் ஒரு நிமிடம் முழுமையாக நாடியை எண்ணுங்கள். எண்ணிக்கை குறைவாகத் தோன்றினால் சற்று ஓய்வெடுத்து மறுபடியும் எண்ணுங்கள். மீண்டும் குறைவாகவே இருந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

3. தலைசுற்றல், மயக்கம், புதிதாகத் தோன்றும் மூச்சுத்திணறல், கருவி உள்ள இடத்தில் சிவப்பு, வீக்கம், கசிவு ஆகியவை இருந்தால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே வாருங்கள்.

4. கைப்பேசியைக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு அப்பால் வையுங்கள். அதே பக்கச் சட்டைப்பையில் வைக்க வேண்டாம். மறுபக்கக் காதில் வைத்துப் பேசுங்கள். வலிய காந்தம் அருகில் வந்தால் கருவி தற்காலிகமாக நிலையான வேகத்துக்கு மாறும். காந்தத்தை அகற்றியதும் பழைய நிலைக்குத் திரும்பும். இண்டக்ஷன் அடுப்பு இயங்கும்போது கருவிக்கும் அடுப்புக்கும் இடையே 60 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

5. வீட்டில் மின்தடை ஏற்பட்டால் கருவிக்கு எதுவும் நேராது. அதன் மின்சாரம் முழுவதும் அதனுள்ளேயே இருக்கிறது.

6. சொல்லக் கடினமானதாயினும் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. இதயமுடுக்கி உள்ள ஒருவர் இயற்கை எய்தினால், தகனத்துக்கு முன்னர் கருவியை அகற்ற வேண்டும். மின்கலம் தீயில் வெடிக்கக்கூடியது. மருத்துவரிடமோ மருத்துவமனையிடமோ கருவி இருப்பதைத் தெரிவித்தால் போதும். முறையாக அகற்றித் தருவார்கள்.

நிறைவாக

ஒவ்வொரு மைக்ரோ ஆம்பியரையும் எண்ணிச் செலவிடும் பொறுப்பை வடிவமைப்பாளர்கள் அச்சிறு சில்லிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அதன் அளவுகளைச் சரிபார்த்து உங்கள் இதயத்துக்கு ஏற்பத் திருத்துவது எங்கள் பொறுப்பு. நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் நாங்கள் கேட்பது, குறித்த நாளில் வருவதும் வழக்கம்போல் வாழ்வதுமே. அடுத்த முறை வரும்போது, "மின்கலத்தில் எவ்வளவு இருக்கிறது? துடிப்பின் அளவைக் குறைக்க இயலுமா?" என்று எங்களைக் கேளுங்கள். அளந்து பார்த்துக் கருவி காட்டும் மதிப்பீட்டை உங்களுக்குச் சொல்வோம். அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அன்று மாலை நடைக்குப் புறப்படுங்கள்.